ஹாரிஸ் கவுண்டி வரைபடங்கள்: 'எக்ஸ் சோன்' என்றால் வெள்ளம் வராது என்று அர்த்தமா?

கேட்டிக்குப் புதுசு:
வணக்கம். ஹூஸ்டனுக்கு மாறி வந்து இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். புறநகரான கேட்டி பக்கம் இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. இரண்டுக்குமே ஏஜென்ட் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: "எக்ஸ் சோன், ஃபிளட் இன்சூரன்ஸே வேண்டாம்." எக்ஸ் சோன் என்றால் வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவு என்று குறித்த பகுதியாம். நான் வேளச்சேரிக்காரன். 2015 டிசம்பரைப் பார்த்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதவில்லை.

சரி, கவுண்டி இணையதளத்தில் நாமே பார்க்கலாம் என்று போனால் தலை சுற்றுகிறது. வெள்ளத்துக்கு ஒரு வரைபடம், சொத்து மதிப்பீட்டுக்கு ஒன்று, பர்மிட்டுக்கு ஒன்று, ஓட்டுப் போட ஒன்று. ஒன்றில் வீடு, வெள்ளப் பகுதியைக் காட்டும் நீலத்துக்கு வெளியே இருக்கிறது, இன்னொன்றில் நீலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எதை நம்புவது? இவ்வளவையும் வைத்துக்கொண்டு கவுண்டி என்னதான் செய்கிறது?

லேயர் மணி:
நல்ல கேள்வி. நான் ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபட வேலைதான் பார்க்கிறேன். கவுண்டி ஊழியன் இல்லை, அந்த மாதிரி அலுவலகங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்றால் என்ன என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேர். அமெரிக்காவிலேயே மூன்றாவது பெரிய கவுண்டி. அதில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் எந்த நகராட்சிக்குள்ளும் இல்லை. தபால் முகவரியில் 'ஹூஸ்டன்', 'கேட்டி' என்று இருக்கும், ஆனால் நகர எல்லைக்கு வெளியே இருப்பார்கள். அவர்களுக்கு ரோடு, கட்டட பர்மிட், ஷெரிஃப், வெள்ள விதி எல்லாமே கவுண்டிதான்.

டெக்சாஸ் கவுண்டிகளுக்கு பொதுவாக சோனிங் அதிகாரம் கிடையாது. இங்கே வீடு கட்டு, அங்கே கடை வை என்று சொல்ல முடியாது. ஆனால் 'இந்தக் கோட்டுக்குள் கட்டினால் தரைமட்டம் இவ்வளவு உயரம் இருக்க வேண்டும்' என்று சொல்லலாம். அதனால் இங்கே வரைபடத்தில் ஒரு கோடு பத்தடி நகர்ந்தால் ஒருவருடைய கட்டுமானச் செலவே மாறிவிடும். 2017 ஹார்வி புயலுக்குப் பிறகு, 2018 ஜனவரி 1 முதல், வெள்ளச் சமவெளியில் புதிதாகக் கட்டும் வீட்டின் தரை '500 வருட வெள்ள' (ஒரு வருடத்தில் 0.2 சதவீதம் வாய்ப்புள்ள வெள்ளம்) மட்டத்துக்கு மேல் 24 அங்குலம் இருக்க வேண்டும் என்று கவுண்டி விதியை மாற்றியது. அதற்கு முன் அளவுகோல் 100 வருட வெள்ளம்.

அப்புறம், ஒவ்வொரு வரைபடமும் வேறு வேறு அலுவலகத்தின் கேள்விக்குப் பதில். சொத்துக்கு மதிப்புப் போடும் அலுவலகமான மதிப்பீட்டு மாவட்டத்தின் (அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்) மனை வரைபடம் வரி போடுவதற்கு. அதை வைத்து வேலி எல்லையை முடிவு செய்யக்கூடாது, சர்வேயர்தான் வர வேண்டும். 911 ஆட்கள் வைத்திருக்கும் முகவரிப் புள்ளிகள் ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதற்கு. கொசுக் கட்டுப்பாட்டுப் பிரிவு கவுண்டியை 250-க்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்தப் பகுதிப் பொறியில் வெஸ்ட் நைல் கிருமி உள்ள கொசு சிக்கியதோ அங்கே மருந்து வண்டி போகும். இதெல்லாம் ஒரே அடிப்படை வரைபடத்தின் மேல் ஏறிய லேயர்கள். நீங்கள் பார்த்த இரண்டு நீலங்களும் ஒரே நீலம் இல்லை.

கேட்டிக்குப் புதுசு:
நன்றி மணி அண்ணா. அந்த இரண்டு நீலம் பற்றிக் கொஞ்சம் விளக்குங்களேன். நான் பார்த்ததில் ஒன்று ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் அமைப்பு) வரைபடம், மற்றொன்று வெள்ளத் தடுப்பு அமைப்பான ஃபிளட் கன்ட்ரோல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் இருந்தது.

லேயர் மணி:
ஃபீமா வரைபடம் மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துக்கானது. ஒரு வருடத்தில் 1 சதவீதம் வாய்ப்புள்ள வெள்ளம் எதுவரை வரும் என்பதுதான் அந்தக் கோடு. '100 வருட வெள்ளம்' என்று சொல்லிச் சொல்லி நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். 30 வருட வீட்டுக்கடன் காலத்தில் கணக்குப் போட்டால் அந்த 1 சதவீதம் 26 சதவீதம் ஆகிறது. நாலில் ஒன்று! கோட்டுக்குள் வீடு இருந்தால் வங்கி காப்பீட்டைக் கட்டாயமாக்கும். எக்ஸ் சோன் போல வெளியே என்றால் கட்டாயம் இல்லை. ஏஜென்ட் சொன்ன 'வேண்டாம்' என்பதற்கு அவ்வளவுதான் பொருள். கடன் தரும் வங்கி கேட்காது என்கிறார். தண்ணீர் வராது என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

ஃபிளட் கன்ட்ரோல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் அதே கோட்டோடு 500 வருடச் சமவெளி, நீர்த்தேக்கங்கள், 22 பெரிய வடிநிலங்களின் எல்லை என்று கூடுதலாகக் காட்டுவார்கள். 1937-இல் தொடங்கிய அமைப்பு அது. சுமார் 2,500 மைல் கால்வாய், பாயூ (மெதுவாக ஓடும் சிற்றாறு) எல்லாம் அவர்கள் பொறுப்பு.

எதிர்க்கேள்வி எழிலன்:
எல்லாம் சரி. ஆனால் ஹார்வியில் இந்தக் கோடு எப்படி வேலை செய்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம். டிஸ்ட்ரிக்ட்டின் சொந்த அறிக்கையே சொல்கிறது: ஹாரிஸ் கவுண்டியில் வெள்ளம் புகுந்த வீடுகள் சுமார் 1,54,170. அதில் 100 வருடச் சமவெளிக்குள் இருந்தவை 48,850. 500 வருடப் பட்டையில் 34,970. இரண்டுக்கும் வெளியே 70,370. பாதிக்குக் கொஞ்சம் குறைவு, வரைபடத்தில் எந்த நிறமும் இல்லாத இடம்! லைடார், சூப்பர் கம்ப்யூட்டர், ஜிஐஎஸ் என்று பெரிய பெயர்களைச் சொல்லிக் கோடிக்கணக்கில் செலவு செய்து இதைத்தான் வரைந்தார்களா?

லேயர் மணி:
எண்கள் சரி, எழிலன். ஆனால் முடிவு கொஞ்சம் அவசரம்.

ஹார்வி அந்த 1 சதவீத வாய்ப்புள்ள மழையே இல்லை, அதைவிட மிக அபூர்வமான மழை. நாலு நாளில் கவுண்டி முழுக்கச் சராசரியாக 33 அங்குலத்துக்கு மேல், சில இடங்களில் 47 அங்குலம். எந்தக் கோடும் அதற்காக வரையப்படவில்லை. இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம்தான் உண்மையான குறை. இப்போது நடைமுறையில் இருக்கும் வரைபடத்தின் அடிப்படை 2001-இல் வந்த ஆலிசன் புயலுக்குப் பிறகு செய்த வேலை. விமானத்தில் லைடார் (லேசரால் அளக்கும் கருவி) வைத்துப் பறந்து தரை உயரத்தை அளந்து, பாயூக்களை மாடல் செய்து, 2007 ஜூனில் புது வரைபடம் அமலுக்கு வந்தது. அந்த நாளில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த மாடல் கேட்ட கேள்வி 'பாயூ கரை மீறினால் எதுவரை பரவும்?' என்பது மட்டும். மழை பெய்த இடத்திலேயே, தெருச் சாக்கடை தாங்காமல், பாயூவைப் போய்ச் சேரவே முடியாமல் தேங்கும் தண்ணீர் அதில் இல்லை. ஹூஸ்டன் பலகை போல் தட்டையான ஊர். இங்கே அப்படித் தேங்குவதுதான் அதிகம்.

மூன்றாவது, மழைக் கணக்கே மாறிவிட்டது. 2018 செப்டம்பரில் நோவா (வானிலை, கடல் ஆய்வுக்கான மத்திய அமைப்பு) வெளியிட்ட அட்லஸ் 14 என்ற மழைக் கணக்கின்படி ஹூஸ்டன் பகுதியின் சில இடங்களில் 24 மணி நேர '100 வருட மழை' சுமார் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. அதாவது பழைய 500 வருடக் கோடு ஏறக்குறைய புதிய 100 வருடக் கோடு. நீங்கள் வீடு பார்க்கும்போது மனதுக்குள் அப்படியே மாற்றி வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் சரிசெய்யத்தான் 2019-இல் மாப்நெக்ஸ்ட் என்ற திட்டத்தை ஃபீமாவோடு சேர்ந்து தொடங்கினார்கள். புதிய லைடார், அட்லஸ் 14 மழை, நிலத்தின் மேல் நேரடியாக மழையைக் கொட்டிப் பார்க்கும் மாடல். அறிவித்த தேதிகள் பல முறை தள்ளிப்போயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பாயூக்கரை:
ஹூஸ்டனில் மெயர்லேண்ட் பகுதியில் நீண்ட நாளாக இருக்கிறேன். 2015 மெமோரியல் டே, 2016 டாக்ஸ் டே, 2017 ஹார்வி. எங்கள் பகுதிக்கு மூன்று வருடம் தொடர்ச்சியாக வெள்ளம். இப்போது வீட்டைத் தூக்கிக் கட்டியாயிற்று.

எனக்கு மாடல் எல்லாம் புரியாது. நான் பார்ப்பது ஃபிளட் வார்னிங் சிஸ்டம் பக்கம். பாயூக்கள் நெடுகிலும் மானிகள் வைத்திருக்கிறார்கள், 150-க்கு மேல் இருக்கும். மழை எவ்வளவு, நீர்மட்டம் எவ்வளவு, கரை உச்சிக்கு இன்னும் எத்தனை அடி என்று சில நிமிடங்களுக்கு ஒரு தரம் வந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பிரேஸ் பாயூ மானியின் ஸ்கிரீன்ஷாட் தவிர வேறு செய்தியே இருக்காது. கார்களை மேட்டுக்கு எடுத்துப் போவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

தம்பி, வீட்டுக்கு அருகில் உள்ள மானியைத் தேடிப் பிடியுங்கள். அதில் பழைய வெள்ளங்களின் உச்ச அளவும் இருக்கும். ஹார்வியில் எத்தனை அடி, அதற்கு முன் எத்தனை அடி. அதை வீட்டின் தரை உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

லேயர் மணி:
பாயூக்கரை அண்ணன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. இரண்டு உயரங்களை ஒப்பிடும்போது அவை எந்தக் கணக்கில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். இந்த ஊரின் தரை தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் 1970-களுக்குள் பாசடீனா, கப்பல் கால்வாய் பக்கம் சில இடங்களில் பத்தடி வரைகூட இறங்கிவிட்டது. பேடவுனில் பிரவுன்வுட் என்று ஒரு குடியிருப்பே தாழ்ந்து தாழ்ந்து, 1983 அலிஷியா புயலுக்குப் பிறகு கைவிடப்பட்டு, இன்று இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. 1975-இல் இந்தத் தரை இறக்கத்தைக் கட்டுப்படுத்தவென்றே ஒரு தனி 'டிஸ்ட்ரிக்ட்' அமைப்பைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள்.

அளவைக் குறிகளும் நிலத்தோடு சேர்ந்து இறங்கும் அல்லவா? அதனால் அவற்றின் உயரத்தை அவ்வப்போது திருத்துவார்கள். பழைய எலிவேஷன் சான்றிதழில் (சர்வேயர் வீட்டின் உயரத்தை அளந்து தருவது) 1973 திருத்தம், 1978 திருத்தம் என்று இருக்கும். இப்போதைய வெள்ள வரைபடம் 1988 உயர அடிப்படையின் 2001 திருத்தத்தில் இருக்கிறது. இரண்டையும் அப்படியே கழித்தால் இல்லாத அடிகள் உங்களுக்குக் கிடைக்கும். டிஸ்ட்ரிக்ட் பல இடங்களில் பித்தளை வட்டு பதித்து, அந்தந்த இடத்தின் உயரத்தை வெளியிட்டிருக்கிறது. சர்வேயர் அதைத் தொட்டுத்தான் சான்றிதழ் தர வேண்டும்.

சுகர்லேண்ட் அக்கா:
யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். தம்பி, அந்த இரண்டு வீடுகளும் எந்த கவுண்டியில் இருக்கின்றன? கேட்டி என்ற ஊரே ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் கிடக்கிறது. ஹாரிஸ் தளத்தில் தேடினால் எல்லைக்கு அந்தப் பக்கம் பாதி லேயர்கள் வராது. காலியாக இருப்பதைப் பார்த்து 'ஆகா, வெள்ளமே இல்லை' என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டிக்குப் புதுசு:
அக்கா, இப்போதுதான் பார்த்தேன். ஒன்று ஹாரிஸ், பேர் கிரீக் பக்கம். இன்னொன்று ஃபோர்ட் பெண்ட், சின்கோ ராஞ்சுக்குப் பக்கம். இரண்டாவதைத்தான் ஹாரிஸ் தளத்தில் தேடிக்கொண்டிருந்தேன் போல.

சுகர்லேண்ட் அக்கா:
நினைத்தேன். இரண்டுமே நீர்த்தேக்கத்துக்கு மேல்பக்கம் வரும் ஏரியா. முதலாவது ஆடிக்ஸ், இரண்டாவது பார்க்கர். 1940-களில் ராணுவப் பொறியாளர் பிரிவு ஹூஸ்டன் நகரத்தைக் காப்பாற்றக் கட்டியவை. சாதாரண நாளில் காய்ந்த நிலம், பூங்கா, சைக்கிள் பாதை. ஏரி என்று யாருக்கும் தோன்றாது.

பிரச்சினை இதுதான்: அணைக்குப் பின்னால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கலாமோ அவ்வளவு நிலத்தையும் அரசாங்கம் வாங்கவில்லை. பார்க்கரில் அரசு நிலம் சுமார் 95 அடி உயரக் கோடு வரைதான். ஹார்வியில் தண்ணீர் 101.6 அடிக்கு வந்தது. நடுவில் இருந்தது முழுக்க வீடுகள். ஃபீமா வரைபடம் ஓடையின் வெள்ளத்தைக் காட்டுமே தவிர, அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைக் காட்டவில்லை. ஆகவே அந்த வீடுகளில் பல எக்ஸ் சோன். வேடிக்கை என்னவென்றால், ஃபோர்ட் பெண்டில் 1990-களிலிருந்தே சில மனைப்பிரிவுகளின் பதிவு வரைபடத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: இந்த இடம் நீர்த்தேக்கத்தின் காரணமாக நீண்ட நாள் நீரில் மூழ்கக்கூடும் என்று. பொடி எழுத்தில், கவுண்டி கிளார்க் பதிவேட்டில். வீடு வாங்குபவர் யார் அதை எடுத்துப் படிக்கிறார்? 2019 டிசம்பரில் மத்திய அரசுதான் பொறுப்பு என்று மேல்பக்க வீட்டுக்காரர்களுக்குச் சாதகமாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

எதிர்க்கேள்வி எழிலன்:
ஆக, தகவல் இருந்தது. ஒரு அலுவலகத்தில் இருந்தது, இன்னொரு அலுவலகத்தின் வரைபடத்தில் இல்லை.

லேயர் மணி:
ஆமாம், இந்த இழையிலேயே முக்கியமான வரி அதுதான். எங்கள் வேலையில் பாதி அதுவே: ஒரு துறையின் அலமாரியில் இருப்பதை இன்னொரு துறையின் திரையில் கொண்டுவருவது. நீர்த்தேக்க எல்லை இப்போது பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் லேயராக இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸ் சட்டப்படி விற்பவர் தரும் படிவத்திலும் 'இந்த வீடு நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பகுதியில் உள்ளதா, 500 வருடச் சமவெளியில் உள்ளதா' என்ற கேள்விகள் உண்டு. அந்தப் படிவத்தை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள்.

பாயூக்கரை:
இன்னொரு குறுக்குவழி சொல்கிறேன், இதை யாரும் எழுதமாட்டார்கள். மதிப்பீட்டு மாவட்டத்தின் மனை வரைபடத்தைத் திறந்து, நீங்கள் பார்க்கும் வீட்டைச் சுற்றியுள்ள காலி மனைகளைச் சொடுக்குங்கள். உரிமையாளர் பெயரில் ஹாரிஸ் கவுண்டி ஃபிளட் கன்ட்ரோல் டிஸ்ட்ரிக்ட் என்று வந்தால், அங்கே பெரும்பாலும் ஒரு வீடு இருந்து, திரும்பத் திரும்ப முழுகி, அரசு வாங்கி இடித்த இடம். தெருவில் பல் விழுந்த மாதிரி அங்கங்கே புல்வெளி தெரிந்தால் கவனம்.

மல்லிகை:
கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். யார் வேண்டுமானாலும் என் வீட்டைச் சொடுக்கி என் பெயரைப் பார்க்கலாம் என்பதே எனக்கு உறுத்துகிறது. தனியாக இருக்கும் பெண்கள் என்ன செய்வது?

லேயர் மணி:
டெக்சாஸில் சொத்துப் பதிவு பொது ஆவணம். ஆனால் வரிச் சட்டத்தின் 25.025 பிரிவின்படி போலீஸ்காரர்கள், நீதிபதிகள், குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் போன்ற சிலர் தங்கள் முகவரி விவரத்தை ரகசியமாக்கக் கேட்கலாம். மதிப்பீட்டு மாவட்டத்தில் படிவம் உண்டு. மற்ற எல்லோருடைய பெயரும் தெரியத்தான் செய்யும். விற்பனை விலை மட்டும் இங்கே பொதுவில் வராது, அதை வெளியிட வேண்டும் என்ற சட்டம் டெக்சாஸில் இல்லை. பெயரைக் காட்டி விலையை மறைப்பது எனக்கும் விசித்திரம்தான்.

எதிர்க்கேள்வி எழிலன்:
நான் கேட்க வந்தது பணத்தைப் பற்றி. 2018 ஆகஸ்ட் 25, ஹார்வி கரை கடந்து சரியாக ஒரு வருடம். வெள்ளத் தடுப்புப் பணிகளுக்கான 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 85 சதவீதம் பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டோம். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் இந்த வரைபடங்கள்தானே முடிவு செய்கின்றன? மத்திய நிதி வாங்க 'செலவைவிடப் பலன் அதிகம்' என்று காட்ட வேண்டும். பலன் என்றால் காப்பாற்றப்படும் வீட்டின் மதிப்பு. எட்டு லட்சம் டாலர் வீடுள்ள தெருவுக்கு எப்போதும் பலன் அதிகமாகத்தான் வரும். வடகிழக்கில் ஹால்ஸ் பாயூ ஓரம் இருப்பவர்கள் எத்தனை முறை முழுகினாலும் கணக்கில் சிறியவர்கள்.

லேயர் மணி:
உண்மை. அதற்குத்தான் 2019-இல் கமிஷனர்ஸ் கோர்ட் முன்னுரிமை முறையை மாற்றியது. (பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று நினைக்க வேண்டாம், அதுதான் கவுண்டியின் ஆட்சிக்குழு. கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும்.) நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிடும் சமூக பாதிப்புக் குறியீட்டை வடிநில வரைபடத்தின் மேல் ஏற்றிப் பார்த்து, வசதி குறைந்த பகுதிகளுக்கும் மதிப்பெண் சேர்த்தார்கள். அதை எதிர்த்தவர்களும் உண்டு: சமூகக் குறியீட்டுக்கு இவ்வளவு எடையா, அதிக வீடு முழுகும் இடத்துக்கு முதலில் போகாதா என்று. எந்த லேயருக்கு எவ்வளவு எடை என்பதை மென்பொருள் சொல்லாது. அந்த ஐந்து பேரில் மூன்று ஓட்டு வேண்டும், அவ்வளவுதான். என் சொந்தக் கருத்து, மாற்றியது சரி. வீட்டு விலையை அளவுகோலாக வைப்பதும் ஒரு எடைதான், அது கண்ணுக்குத் தெரியாத எடை.

எதிர்க்கேள்வி எழிலன்:
முதல் தடவையாக உங்களோடு ஒத்துப்போகிறேன். தேதியைக் குறித்து வையுங்கள்.

கேட்டிக்குப் புதுசு:
எல்லோருக்கும் நன்றி. வார இறுதி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சின்கோ ராஞ்ச் பக்கத்து வீட்டின் மனைப்பிரிவு வரைபடத்தை ஃபோர்ட் பெண்ட் கிளார்க் பதிவில் எடுத்துப் பார்த்தால், அக்கா சொன்ன அதே வரி அப்படியே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பேர் கிரீக் வீடு ஆடிக்ஸ் எல்லைக் கோட்டுக்கு வெளியே, 500 வருடப் பட்டைக்கும் வெளியே. சுற்றிலும் டிஸ்ட்ரிக்ட் பெயரில் மனை எதுவும் இல்லை. ஹார்வியில் ஆடிக்ஸ் உச்சம் 109 அடி என்று இருக்கிறது. வீட்டுக்கு எலிவேஷன் சான்றிதழ் இல்லை என்கிறார் விற்பவர். லைடாரில் மனையின் தரை 113 அடிக்குப் பக்கம் காட்டுகிறது. இது போதுமா?

லேயர் மணி:
லைடார் காட்டுவது மண்ணின் உயரம், உங்கள் ஹால் தரை அதற்கு மேலே இருக்கும். நாலடி இடைவெளி மோசமில்லை. ஆனால் அது நீர்த்தேக்கத்துக்கு மட்டும் பதில். தெருவில் தேங்கும் தண்ணீருக்கு இல்லை. சர்வேயரை வைத்து சான்றிதழ் எடுத்துவிடுங்கள், சில நூறு டாலரோடு போகும்.

சுகர்லேண்ட் அக்கா:
மட் (முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) வரியையும் ஒரு தடவை பாருங்கள், தம்பி. தண்ணீர், சாக்கடைக்கான அந்த மாவட்டத்தின் எல்லை தெருவுக்குத் தெரு மாறும், வரி விகிதமும் மாறும். அதற்கும் லேயர் இருக்கிறது.

பாயூக்கரை:
எக்ஸ் சோன் என்றாலும் காப்பீடு எடுங்கள். 2021 அக்டோபரிலிருந்து பிரீமியம் சோனைப் பார்த்துப் போடுவதில்லை, வீட்டுக்கு வீடு கணக்கு. மத்தியத் திட்டத்தில் கட்டடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு ஒரு லட்சம், அதுதான் உச்சம். தனியாக வாங்கினால் அமலுக்கு வர 30 நாள் ஆகும். வீட்டுக்கடனோடு சேர்த்து, குளோசிங் (வீடு கைமாறும் நாள்) அன்றே எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. எப்போது குளோசிங்?

கேட்டிக்குப் புதுசு:
அடுத்த மாதம், அண்ணா. கடன் அதிகாரிக்கு இப்போதே எழுதுகிறேன். சான்றிதழ் வந்ததும் எண்களை இங்கே போடுகிறேன், மணி அண்ணா அது எந்தத் திருத்தம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.